எட்டாம் கிருத்திகைக்குப் பிறகு

மணவூரிலிருந்து ஒரு வாசகி என்னைத் திட்டி எழுதியிருக்கிறார். பெண் படியில் விழுந்து பன்னிரண்டு நாளாகியும் பட்டணத்துக்குக் கூட்டிப் போகாமல் முழங்காலுக்கு எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தாளே, அந்தக் கௌரியம்மாள் ஒரு தாயா என்று கேட்கிறார். அம்மணி, கோபம் நியாயம்தான். ஆனால் நீவியது கௌரியம்மாள் மட்டுமல்ல. அவள் தம்பி தணிகாசலம் நீவினான், பக்கத்து வீட்டுக்காரி நீவினாள், வந்து பார்த்தவர்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு கை நீவிவிட்டுத்தான் போனார்கள். முழங்கால் வலி என்று குழந்தை சொன்னால் முழங்காலைத்தானே பார்ப்பார்கள்?

இந்த வாரம்தான் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கௌரியம்மாளின் புருஷன் கோதண்டம் திருப்பதி பஸ் ஓட்டியவர். பட்டாளத்தில் லாரி ஓட்டப் போய் ஒன்றே முக்கால் வருஷம் ஆகிறது. அவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று மூத்த பெண் சந்திரா ஒரு வேண்டுதல் எடுத்துக்கொண்டாள். ஒன்பது கிருத்திகைக்குத் திருத்தணி மலைப்படி முன்னூற்று அறுபத்தைந்துக்கும் குனிந்து குனிந்து மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பது. கார்த்திகையில் ஆரம்பித்தாள். ஆடிக் கிருத்திகையோடு முடியவேண்டும். எட்டாவதான ஆனிக் கிருத்திகையன்று எல்லாப் படிக்கும் பூசி முடித்து இறங்கும்போது இருநூறாவது படியில் விழுந்தாள். மாமன் தணிகாசலம் தோளில் போட்டு இறக்கிக்கொண்டு வந்தான்.

முழங்காலில் வீக்கமில்லை, சிவப்பில்லை. உள்ளூர் டாக்டர் தட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார். பிறகு, "இது எனக்குப் பிடிபடல. பட்டணத்துல படம் புடிச்சுப் பாருங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆகவே அந்த வியாழக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஷபியுல்லாவின் குதிரை ஜட்கா வாசலில் நின்றது.

"மெதுவா ஏறு கண்ணு. வண்டி எங்கேயும் ஓடாது" என்றார் ஷபியுல்லா.

சந்திராவுக்குப் பூசினாற்போல உடம்பு. பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. வண்டிப் படியில் இடது காலை வைக்க முயன்றாள். பாதம் வெளிப்பக்கமாகத் திரும்பிக்கொண்டு நின்றது. கௌரியம்மாள் இரண்டு கைகளாலும் தாங்கி ஏற்றினாள். சின்னவன் வேலுவைத் தணிகாசலத்தின் பெண்டாட்டியிடம் விட்டாயிற்று. தணிகாசலத்துக்கு மட்டும் முகம் சரியில்லை.

"ஆடிக்கு இன்னும் பதினஞ்சு நாள்தான்க்கா இருக்குது. பட்டணத்துல படுக்க வெச்சுட்டாங்கன்னா ஒம்பதாவது இன்னா ஆவறது? நடுவுல விடக்கூடாதுன்னு சொல்லுவாங்க."

"மொதல்ல கொழந்த நடக்கட்டும்டா."

சந்திரா பாவாடையை இழுத்து முழங்காலை மறைத்துக்கொண்டாள். இந்தப் பேச்சு வந்தாலே அவள் வாயை மூடிக்கொண்டுவிடுவாள்.

வண்டி ஸ்டேஷனை நெருங்கும்போது தபால்காரர் சைக்கிளில் துரத்திக்கொண்டு வந்தார். "கௌரியம்மா, பட்டாளத்து லெட்டர். மூட்டை இப்பத்தான் வந்துது. பார்த்ததும் எடுத்துகினு வந்தேன்."

கௌரியம்மாள் கையை நீட்டி வாங்கினாள். அந்த நீட்டக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எத்தனையோ கை மாறி, ஏழெட்டு முத்திரை விழுந்து, ஒரு மூலை நனைந்து காய்ந்திருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் அந்தச் சாய்ந்த கையெழுத்து யாருடையது என்று தெரியும். அது போதாதா?

சந்திரா வெடுக்கென்று வாங்கிப் பிரித்தாள். முதலில் தலைப்பைப் பார்த்தாள். அவள் முகம் சட்டென்று வாடிவிட்டது.

"இன்னாடி? வலிக்குதா?"

"ஆங். வண்டி குலுங்குது" என்றாள் சந்திரா.

அரக்கோணத்தில் வண்டி மாறி உட்கார்ந்த பிறகுதான் படித்தாள். பட்டாளத்துக்காரர்கள் பெட்டியை நிறைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவன் எழுந்து சந்திராவுக்குக் கால் நீட்ட இடம் கொடுத்தான். அவனைக் கௌரியம்மாள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். காக்கிச் சட்டை போட்டவர்கள் எல்லாரிடமும் அவளுக்கு ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள் என்று கேட்கவில்லை.

"போன மாசம் எழுதினதும்மா" என்று ஆரம்பித்தாள் சந்திரா. "அன்புள்ள கௌரிக்கும் குழந்தைகள் சந்திரா, வேலுவுக்கும். நான் இங்கே சௌக்கியம். இங்கே மழையும் மலையும்தான். லாரி நன்றாக ஓடுகிறது. வேலுவை ஓடைப் பக்கம் விடாதே. தணிகாசலத்தை விசாரித்ததாகச் சொல். இப்படிக்கு, கோதண்டம்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மீதியில எல்லாம் பட்டாளத்துல மை பூசி அடிச்சிருக்காங்க."

கௌரியம்மாள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. மை பூசிய இடம் ஒரே ஒரு பட்டைதான். இவ்வளவு எழுத்துக்கு இவ்வளவு பேச்சுதானா?

அவளுக்குக் காரணம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டாள். பெண்டாட்டிக்கு எழுதுவதைப் பெற்ற பெண் எப்படிப் படிப்பாள்? வெட்கப்பட்டுக்கொண்டு தாண்டிவிடுவாள். கௌரியம்மாளும் இத்தனை நாள் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததில் எத்தனை வார்த்தை போயிற்றோ. ஒன்றே முக்கால் வருஷமாக அவர் தனக்கென்று எழுதிய ஒரு வரிகூடக் காதில் விழவில்லையே என்று அன்று ரயிலில்தான் அவளுக்குத் தோன்றியது. கடிதத்தை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜவேலு முழங்காலைத் தொடவே இல்லை.

"நாலு அடி நடந்து காட்டும்மா" என்றார். சந்திரா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டாக்டர் அவள் பாதத்தையே பார்த்தார். பிறகு மேஜைமேல் படுக்க வைத்து, இடது காலை மடக்கி மெல்ல வயிற்றுப் பக்கம் தள்ளினார். தொடை நேரே வரவில்லை. தானாகவே வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்தது. உள்ளே திருப்பப் பார்த்ததும் சந்திரா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வலி முழங்கால்லதானே?"

"ஆங்."

"நோவு அங்க இல்ல. இங்க இருக்கு" என்று இடுப்புக்குக் கீழே, தொடை தொடங்கும் இடத்தில் விரலை வைத்தார். "ரெண்டு இடத்துக்கும் போற நரம்பு ஒண்ணுதான். இங்க கெட்டா அங்க வலிக்கும். பெரிய பெரிய ஆளுங்களே ஏமாந்துபோறாங்க. பொண்ணு வயசுக்கு வந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்லீங்க."

"சரிதான். இது வளர்ற பிள்ளைங்களுக்கு வர்றது. தொடை எலும்புக்கு மேல உருண்டையா ஒரு தலை இருக்கு. குல்லா போட்ட மாதிரி வெச்சுக்குங்க. குல்லாவுக்கும் எலும்புக்கும் நடுவுல குருத்து. எலும்பு வளர்ற இடம் அதுதான். உடம்பு கொஞ்சம் கனமா இருந்து, அந்தக் குருத்து பலமில்லாம போனா, குல்லா பின்னால நழுவிடும். விழுந்து எத்தனை நாளாச்சு?"

"பன்னெண்டு நாளுங்க."

"அதுக்கு முன்னால வலி, நொண்டறது எதாவது?"

"இல்லீங்க. நல்லா ஓடிகினு ஆடிகினு இருந்தா."

டாக்டர் ஒரு நாடாவை எடுத்து இரண்டு தொடையையும் சுற்றி அளந்தார். மறுபடியும் அளந்தார். "இடது தொடை இளைச்சிருக்கு. பன்னெண்டு நாள்ல இவ்வளவு இளைக்காதே" என்று சந்திராவைப் பார்த்தார். "பாப்பா, நீ சொல்லு. முன்னாலயே வலிச்சுதா?"

"இல்ல" என்றாள் சந்திரா. மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "புதுசா இருந்தா இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"புதுசுன்னா மயக்கம் கொடுத்து, நழுவினதை மெதுவாத் திருப்பி அதோட இடத்துல உட்கார வைக்கப் பார்க்கலாம். பழசுன்னா அதைத் தொடக்கூடாது. ஏன்னா பழசு அப்படியே ஒட்டிக்க ஆரம்பிச்சிருக்கும். அதைப் போய்த் திருப்பினா, தலைக்கு ரத்தம் போற வழி அறுந்துடும். எலும்பு செத்துப்போகும். அப்புறம் ஆயுசுக்கும் நொண்டிதான். அதனாலதான் கேக்கறேன்."

கடைசி வாக்கியங்களைச் சந்திரா கேட்டாளா என்பது சந்தேகம். முதல் வாக்கியத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "புதுசுதாங்க" என்றாள்.

எக்ஸ்ரே அறைக்குள் அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நேராகப் படுக்க வைத்து ஒரு படம். முழங்காலை மடக்கி, தவளை மாதிரி இரு பக்கமும் விரித்து வைத்து இன்னொரு படம். பின்னால் நழுவியதை நேர்ப்படம் காட்டாமல் ஏமாற்றிவிடுமாம்.

கௌரியம்மாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேஜையில் மனோரமா என்ற நர்ஸ் பஞ்சை உருட்டி டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும், கழுத்தில் தாலி இல்லை. கௌரியம்மாள் இரண்டு முறை தொண்டையைச் செருமினாள்.

"நர்ஸம்மா, உங்களுக்குத் தமிழ் படிக்க வருங்களா?"

"வரும். சீட்டு எதாவதா?"

"இல்லீங்க. லெட்டர். வூட்டுக்காரர் போட்டது. பொண்ணு படிச்சுட்டா. ஆனா முழுசா படிக்கலைன்னு தோணுது. கூச்சமா இருந்தா வேணாம்."

மனோரமா சிரித்தாள். "நான் ஊர் லெட்டரெல்லாம் படிச்சவம்மா. எத்தனை புருஷன் இன்னா எழுதியிருக்கான்னு எல்லாம் எனக்குத் தெரியும். கொடுங்க."

கையைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைப் பிரித்தாள். முறையாகத் தலையிலிருந்து ஆரம்பித்தாள். "தேதி, பத்தொம்பது, ரெண்டு, நாப்பத்திநாலு."

"அது எந்த மாசம்?"

"மாசி."

"போன மாசம் எழுதினதுன்னு சொன்னாளே?"

"இல்லம்மா. மாசிதான். இப்ப ஆனி முடியப்போவுது. அஞ்சு மாசமாச்சு. எங்கெங்க சுத்திட்டு வந்துதோ."

காலையில் தபால்காரர் கொடுத்ததிலிருந்து கௌரியம்மாள் மனசுக்குள் அவர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். போன மாதம் எழுதியவர், நேற்றும் இருந்திருப்பார், இன்றும் இருப்பார். இப்போது அந்த மனிதர் ஐந்து மாதம் பின்னால் போய் நின்றுகொண்டார். மேலே படிக்கச் சொல்லி அவள் கையை அசைத்தாள்.

"'கௌரி, இங்கே மலையைப் பார்க்கும்போதெல்லாம் நம் மலை ஞாபகம் வருகிறது. நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வாசலில் நிற்பாயே, அது வருகிறது. முன்னெல்லாம் பஸ் நிறுத்திவிட்டு வந்து, சோறு போடு என்று மட்டும்தான் உன்னிடம் பேசினேன். வேறு பேசியிருக்கலாம். வந்து பேசுகிறேன்.'"

மனோரமா நிமிர்ந்து பார்த்தாள். கௌரியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இதற்காகத்தான் அவள் ஏங்கினாள். கிடைத்துவிட்டது. கிடைத்தும் தாங்க முடியவில்லை.

"இன்னும் இருக்குதா?"

"இருக்கு. 'சந்திராவுக்கு நைனா எழுதுவது. மார்கழி மாதத்திலிருந்து முழங்கால் வலிக்கிறது, படி இறங்கும்போது கால் இழுக்கிறது, அம்மாவிடம் சொல்லவேண்டாம், சொன்னால் வேண்டுதலை நிறுத்திவிடுவாள் என்று தனிச்சீட்டு எழுதி வைத்திருந்தாயே. எனக்குத் தூக்கம் வரவில்லை. எனக்காக நீ காலைக் கெடுத்துக்கொள்ளாதே. இந்த வரியைத் தாண்டாமல் அம்மாவுக்குப் படித்துக் காட்டு.'"

படித்து முடித்த மனோரமாவின் முகம் மாறிவிட்டது. "மார்கழியா? டாக்டர்கிட்ட பன்னெண்டு நாள்னுதானே சொன்னீங்க?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கடிதத்தோடு டாக்டர் அறைக்கு ஓடினாள்.

அரை மணி கழித்துக் கௌரியம்மாளைக் கூப்பிட்டார்கள். வெளிச்சப் பெட்டியில் இன்னும் ஈரம் காயாத படம் மாட்டியிருந்தது. சாய்ந்த குல்லா அவள் கண்ணுக்கே தெரிந்தது.

"படத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த லெட்டர் சந்தேகத்தைத் தீர்த்துடுச்சு" என்றார் டாக்டர் ராஜவேலு. "ஏழு மாசமாக் கொஞ்சம் கொஞ்சமா நழுவினது. ஒவ்வொரு படிக்கும் குனிஞ்சு நிமிர்ந்தாளாமே, அதுல இன்னும் நழுவியிருக்கு. அன்னிக்கு விழுந்தது கடைசி. திருப்பி வைக்கிற பேச்சே கிடையாது. இப்ப இருக்கிற எடத்துலயே, மேல நழுவாம, பக்கத்துலேருந்து ஒரு எஃகு ஆணியைக் கொடுத்து நிறுத்திடணும்."

"ஆணியா?"

"ஆமா. மயக்கத்துல செய்யறது, வலி தெரியாது. நாளைக்குக் காலையில செய்யறோம். அப்புறம் நாலு மாசத்துக்குக் கால் தரையில படக்கூடாது. அதுக்கு மேல தாங்குகட்டையோட நடக்கலாம். பாதம் கொஞ்சம் வெளிய திரும்பித்தான் இருக்கும். காலும் துளி கட்டை. ஆனா நடப்பா. இந்த வயசுல அடுத்த இடுப்பும் நழுவலாம், அதையும் அப்பப்ப படம் எடுத்துப் பார்க்கணும். நீங்க சம்மதம் கொடுக்கணும்."

"அவரு இல்லாம நான் எப்டிங்க?"

"அவர்தான் ஏற்கெனவே சொல்லிட்டாரே அம்மா" என்று கடிதத்தை அவள் பக்கம் நகர்த்தினார் டாக்டர்.

கௌரியம்மாள் கட்டைவிரலை நீட்டினாள். மனோரமா மை தடவி அழுத்தினாள்.

வார்டில் சந்திரா ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். காலை அசைக்காமல் இருக்க இரண்டு பக்கமும் மணல்மூட்டை வைத்திருந்தார்கள். அம்மாவின் கையில் கடிதம் பிரித்தபடி இருப்பதைக் கண்டதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாரு படிச்சாங்க?"

"நர்ஸம்மா. ஏண்டி மறைச்சே? மார்கழியிலேருந்து என் பக்கத்துல படுத்துகினு வலிய முழுங்கினியா?"

"எட்டு முடிஞ்சுதும்மா. இன்னும் ஒண்ணுதான். புதுசுன்னு சொன்னா டாக்டர் திருப்பி வெச்சுடுவாரு, ஆடிக்குள்ள நடந்துடலாம்னு நெனைச்சேன்."

"திருப்பியிருந்தா உன் காலே போயிருக்கும்டி."

அடிக்க ஓங்கிய கைதான். அது போய்ப் பெண்ணின் நெற்றி மயிரை ஒதுக்கியது. வேண்டுதல் வேண்டாம் என்று ஒரு நாளாவது அவள் சொன்னாளா? ஒவ்வொரு கிருத்திகைக்கும் மஞ்சளை இவள்தான் குழைத்துக் கொடுத்தாள். சந்திரா மேலே மேலே ஏறும்போது கீழே நின்று, அவரும் ஒரு படி ஒரு படியாக வந்துகொண்டிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டாள். மணவூர் வாசகி கேட்ட கேள்வியை அவளே தன்னைக் கேட்டுக்கொண்டாள்.

"மாசியில எழுதினத போன மாசம்னு ஏன் படிச்சே?"

சந்திரா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான் வருத்தப்படுவேன்னா? இன்னும் எதெதைத் தாண்டிப் படிச்சே, சொல்லு. வைகாசியில சர்க்கார் முத்திரை போட்டு ஒரு கவர் வந்துதே. நைனாவை வேற மலைக்கு மாத்தியிருக்காங்கன்னு படிச்சியே. அதுல இன்னா இருந்துது?"

சந்திரா விரிப்பின் நுனியை விரலில் சுற்றினாள்.

"சந்திரா."

"காணோம்னுதாம்மா போட்டிருந்துது" என்றாள் சந்திரா. "செத்துட்டாருன்னு போடல."

கௌரியம்மாள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எங்கேயோ ஒரு குழந்தை தண்ணீர் கேட்டு அழுதது. மனோரமா வந்து, "சாயந்திர வண்டிக்குப் போறதுன்னா கெளம்பணும்மா" என்றாள். கௌரியம்மாள் காதில் அது விழவே இல்லை. வைகாசியிலிருந்து இந்தப் பன்னிரண்டு வயசு இதைத் தனியாகச் சுமந்துகொண்டு, வலிக்கிற காலோடு இரண்டு முறை மலை ஏறியிருக்கிறது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. மாமாவுக்குக்கூடத் தெரியாது."

"அந்தக் காகிதம் எங்க? கிழிச்சுட்டியா?"

"மலைமேல உண்டியல்ல போட்டுட்டேன்."

"உண்டியல்லயா? ஏண்டி?"

"அங்க எத்தினியோ லாரிக்காரங்க இருப்பாங்க இல்லம்மா. எங்க நைனா எதுன்னு முருகனுக்கு எப்டித் தெரியும்? அதுல பேரும் பட்டாளத்து நம்பரும் போட்டிருந்துது. வெச்சுகினு தேடட்டும்னு போட்டேன்." சந்திரா மூக்கை உறிஞ்சினாள். "தமிழ்ல ரெண்டு வரிதான் இருந்துது. மேல நெறைய இங்கிலீஷ்ல இருந்துது. அது எனக்குப் படிக்க வரல."

கௌரியம்மாள் குனிந்து அவள் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதார்கள், ஒருவருக்கொருவர் மறைக்காமல். அன்று சாயந்திர வண்டி அவள் இல்லாமலேயே திருத்தணிக்குப் போயிற்று.

விடிந்தால் ஆணி. அதைக்கூட அவள் தாங்கிக்கொள்வாள். ஆனால் மலைமேல் அந்த உண்டியலை ஆடிக் கிருத்திகை கழித்துத்தான் திறப்பார்கள். அதுவரை அந்த இங்கிலீஷ் வரிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று முருகனைத் தவிர யாருக்கும் தெரியாது.